நம் வீட்டை நாம் அறிந்து கட்டுவோம்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது நம் பெரியோர் வாக்கு. இரண்டிலும் கைப்பொருள் கரையும், கடன் ஏறும், எவ்வளவு செய்தாலும் உறவினர் குறை சொல்வர் என்பதே அதன் உட்பொருள். கல்யாணத்தைப் பற்றிப் பேச மாணவனாகிய எனக்கு இன்னும் தகுதி வரவில்லை. ஆனால் வீட்டைப் பற்றிப் பேச இங்குள்ள ஒவ்வொரு மாணவனுக்கும் மாணவிக்கும் உரிமை உண்டு. இன்று நம் தந்தையார் வாங்கும் வீட்டுக் கடனை நாளை அடைக்கப் போகிறவர்கள் நாம். அந்த வீட்டுக்கு நாற்பது ஆண்டு மின்சாரக் கட்டணம் கட்டப் போகிறவர்களும் நாமே.

ஆயினும் ஒரு விந்தையைப் பாருங்கள். வெப்பம் எப்படிப் பரவுகிறது, காற்று ஏன் மேலெழுகிறது, கதிரவன் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் சாய்கிறது என்பவற்றை எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றோம். வீடு கட்டும் நாள் வந்ததும் அந்த அறிவு முழுவதையும் விடுதி அறையில் பூட்டி வைத்துவிட்டு, அடுத்த வீட்டுக்காரர் எப்படிக் கட்டினாரோ அப்படியே, அவர் வீட்டைவிட ஓர் அடி உயரமாக மட்டும், கட்டி முடிக்கிறோம். கற்றது வீட்டுக்கு உதவாவிட்டால் வேறு எதற்கு உதவும்?

எல்லையூரின் கதை

பனச்சமூட்டை அறியாத நண்பர்களுக்கு ஒரு சொல். பாறசாலைக்கு வடகிழக்கே, நெய்யாற்றின்கரை வட்டத்தின் ஓரத்தில், வெள்ளறடைக்கு அருகே உள்ள எல்லையூர் அது. மூடு என்றால் எங்கள் பக்கத்துப் பேச்சில் மரத்தின் அடி. அண்டுகோட்டிலிருந்தும் அருமனையிலிருந்தும் வருகிறவர் தமிழ் பேசிக்கொண்டு வந்து, மலையாளத்தில் விலை கேட்டு, இரண்டும் கலந்த மொழியில் சண்டையிட்டு, சிரித்துக்கொண்டே வீடு திரும்புவர். 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நடுவே ஒரு கோடு விழுந்தது.

கோடு மண்ணின்மேல்தான் விழுந்தது. மழையின்மேல் விழவில்லை, வெயிலின்மேலும் விழவில்லை. சூன் மாதத்துத் தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி அடைமழையும் இரு பக்கத்துக் கூரைகளையும் ஒன்றாகவே நனைக்கின்றன. பங்குனி வெயில் இரு பக்கத்துச் சுவர்களையும் ஒன்றாகவே சுடுகிறது. ஆனால் அரசாங்கம் இரண்டு, மின்வாரியம் இரண்டு, கட்டட விதியும் இரண்டு. தமிழ்நாடும் கேரளமும் ஒரே 2019ஆம் ஆண்டில் தத்தமக்குப் புதிய கட்டட விதிகளை வகுத்தன. தெருவின் இடமும் புறமும் சுவருக்கும் சாலைக்கும் விட வேண்டிய இடைவெளி வேறாகலாம். வீட்டுக்குள் வியர்ப்பது மட்டும் ஒரே மாதிரிதான்.

இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். சரிந்த ஓட்டுக் கூரை, தாழ்ந்த இறவாரம், வெயில் படாத திண்ணை, சுவரைத் தொடாத மழை. இன்று அந்த வீடுகள் அருகிவிட்டன. வளைகுடா நாடுகளிலிருந்து வந்த பணமும் ரப்பர் விலை உயர்ந்த காலத்துப் பணமும் அவற்றை இடித்துத் தட்டைக் கான்கிரீட் வீடுகளை எழுப்பின. ஓட்டு வீட்டில் இருந்தவருக்குக் குறைகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. கழிக்கோல்களைக் கரையான் தின்னும். பூனை நடந்தால் ஓடு நகரும். ஓடு நகர்ந்தால் ஒழுகும். கூரை வழியே திருடன் இறங்குவான். அந்த அச்சங்களைக் கான்கிரீட் தீர்த்தது. அவற்றுக்கு ஈடாக வேறொரு நோயைக் கொண்டுவந்து வைத்தது.

அந்த நோயின் அடையாளத்தைப் பாறசாலையிலிருந்து குலசேகரம் வரை பேருந்தில் போகிறவர் எவரும் காணலாம். ஏறத்தாழ ஒவ்வொரு கான்கிரீட் மாடியின்மேலும் இரும்புக் கால்கள் நட்டுத் தகரக் கூரை போட்டிருக்கிறார்கள். ஏன்? தட்டைத் தளத்தில் மழைநீர் தேங்கிக் கசிகிறது. வெயிலில் தளம் அடுப்பாகிறது. ஆகவே கூரைக்கு ஒரு கூரை! முன்னோர் ஒரு கூரையில் முடித்த வேலைக்கு நாம் இரண்டு கூரைக்குப் பணம் கொடுக்கிறோம். இதைத்தான் முன்னேற்றம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

மலை எங்கே போகிறது?

இது பணப்பையோடு நிற்கும் செய்தி அன்று. கான்கிரீட்டுக்குச் சல்லி வேண்டும். சல்லிக்குப் பாறை வேண்டும். பாறைக்கு மலை வேண்டும். குமரி மாவட்டத்துக் குன்றுகள் வெடி வைத்துத் தகர்க்கப்படுவதும், கல்லேற்றிய பார வண்டிகள் எல்லையைக் கடந்து செல்வதும் நம் கண்முன் நடப்பவை. எல்லைச் சாலைகளில் அந்த வண்டிகளால் நேர்ந்த விபத்துகளும், அவற்றை எதிர்த்து ஊரார் மறியல் செய்ததும் நாளிதழ்களில் மீண்டும் மீண்டும் வந்த செய்திகள். தடுக்க வேண்டும் என்று முழங்குகிறோம். முழங்கிவிட்டு வீட்டுக்கு வந்து, தேவைக்கு மேல் கனமான தளமும் தேவைக்கு மேல் தடித்த தூணும் கேட்கிறோம். மலையை விழுங்கும் வாய்களில் நம் வாயும் ஒன்று.

சிமென்டோ சுண்ணாம்புக் கல்லைப் பெருந்தீயில் சுட்டு எடுப்பது. சுடும் எரிபொருளிலிருந்தும் கரியமில வாயு வருகிறது. சுடப்படும் கல்லிலிருந்தும் வருகிறது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு 8 பங்கு அளவுக்குச் சிமென்டிலிருந்து வருவதாகக் கணக்கிடுகிறார்கள். ஆகவே ஆற்றலைச் சேமிக்கும் வீடு என்றால், குறைவாக மின்சாரம் எரிக்கும் வீடு என்பது பாதிப் பொருளே. கட்டும்போதே குறைவாக எரித்த வீடு என்பது மறுபாதி.

கதிரவனைப் பார்த்துத் திசை வைப்போம்

வீட்டின் முதற் செங்கல்லுக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது திசை. இதற்கு ஒரு காசும் செலவில்லை. பனச்சமூடு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ எட்டரைப் பாகையில் உள்ளது. அங்கே ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்டு இறுதிவரை நண்பகற் கதிரவன் வடக்கே சாய்ந்து நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே சாயும். எந்த மாதமானாலும் நண்பகலில் அது உச்சிக்கு அருகிலேயே இருப்பதால், வடசுவரையும் தென்சுவரையும் காப்பது எளிது.

கணக்கைப் பாருங்கள். சுவருக்கு வெளியே இறவாரம் இரண்டரை அடி நீட்டினால், சூன் மாத நண்பகலில் வடசுவரில் ஒன்பது அடி ஆழம்வரை நிழல் விழும். அதாவது சுவர் முழுவதும் நிழல். டிசம்பரில் கதிரவன் மிகத் தெற்கே சாயும்போதுகூடத் தென்சுவரில் நான்கு அடி நிழல் கிடைக்கும், சன்னல் காக்கப்படும். ஆனால் அதே இரண்டரை அடி இறவாரம், மாலை நாலேகால் மணி அளவில், மேற்குச் சுவரில் ஒன்றரை அடிக்குக்கூட நிழல் தராது. தாழ்ந்து வரும் வெயிலை இறவாரம் தடுக்காது, மரந்தான் தடுக்கும்.

ஆகவே வீட்டின் நீளம் கிழக்கு மேற்காக ஓடட்டும். சன்னல்களைப் பெரும்பாலும் வடக்கிலும் தெற்கிலும் வையுங்கள். மேற்கில் குளியலறை, பண்டக அறை, மாடிப்படி ஆகியவை நிற்கட்டும். அவை வெயிலைத் தாங்கிக்கொள்ளும். மேற்கு முற்றத்தில் ஒரு பலாவோ மாவோ நின்றால் அதை வெட்டாதீர்கள். மனையடி பார்க்க வருகிறவர் அந்த மரம் ஆகாது என்று சொன்னால், அவரை மாலை நான்கு மணிக்கு அதன் நிழலிலே உட்கார வைத்து, பிறகு முடிவு கேளுங்கள்!

நம் நாடு ஈரக் காற்று நாடு. மதுரைப் பக்கத்தைப் போலப் பகலில் கொதித்து இரவில் குளிரும் வறண்ட ஊர் அன்று. இங்கே இரவும் புழுங்கும். ஆகவே தடித்த சுவர் மட்டும் நம்மைக் காக்காது. உடம்பின் வியர்வையை உலர்த்தக் காற்று ஓட வேண்டும். ஓர் அறைக்கு ஒரு பக்கம் மட்டும் சன்னல் வைத்தால் காற்று வாசலிலே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். வருவதற்கு ஒரு வழி, போவதற்கு எதிரே ஒரு வழி, இரண்டும் வேண்டும். சூடான காற்று மேலே செல்லும் இயல்புடையதாகையால், கூரைக்குக் கீழே உயரத்தில் ஒரு திறப்பும் வேண்டும்.

அண்மையில் இருக்கும் ஆசிரியர்கள்

இவை எல்லாம் புதுக் கண்டுபிடிப்புகள் என்று எண்ண வேண்டாம். தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனை நிற்கிறது. 1790களில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போகும்வரை திருவிதாங்கூர் மன்னர்கள் ஆண்ட இடம் அது. தமிழ்நாட்டு மண்ணில் நிற்கும் அதனைக் கேரள அரசாங்கம் பேணி வருகிறது. எல்லைக்காரர்களாகிய நமக்கு அதைவிடப் பொருத்தமான பாடப் புத்தகம் இல்லை. செங்குத்தாகச் சரியும் ஓட்டுக் கூரை, தலை தட்டும் அளவுக்குத் தாழ்ந்த இறவாரம், வெயிலைத் தடுத்துக் காற்றை விடும் மரச்சட்ட அழிகள், நடு முற்றங்கள். மே மாதத்தில் அங்கே போய்வந்தவர், உள்ளே நுழைந்ததும் உடம்பு உணர்ந்த மாறுதலை மறக்க மாட்டார். மின்விசிறி இல்லாத காலத்தில் எழுந்த கட்டடம் அது.

அரண்மனை அரசனுக்கு, நமக்கு என்ன என்று கேட்பீர்கள். அதற்கு விடையாக இன்னொருவர் இருந்தார். 1917இல் இங்கிலாந்தில் பர்மிங்காமில் பிறந்த லாரி பேக்கர் கட்டடக் கலை பயின்றவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மருத்துவத் தொண்டராகச் சீனா சென்றார். திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார். வீடு கட்டும் பொருள்கள் கட்டும் இடத்துக்கு ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்து தம் வாழ்நாள் முழுவதும் தம்மை வழிநடத்தியதாக அவர் பிற்காலத்தில் சொல்லி வந்தார். 1945இல் தொழுநோய் மருத்துவமனைகளைக் கட்ட இந்தியா வந்தார். கேரள மருத்துவரான எலிசபெத்தை மணந்தார். இமயமலையடியில் பித்தோராகரில் பல ஆண்டுகளும், பின் வாகமண்ணில் சில ஆண்டுகளும் வாழ்ந்து, திருவனந்தபுரத்துக்கு வந்து தங்கினார். 2007 ஏப்ரல் 1ஆம் நாள் அங்கேயே மறைந்தார். 1990இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர் அவர்.

அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையம் திருவனந்தபுரத்தில் ஆக்குளம் சாலைப் பக்கத்தில் இருக்கிறது. பொருளியல் அறிஞர் கே. என். ராஜ் கேட்டுக்கொண்டதால் 1970களின் தொடக்கத்தில் பேக்கர் அதை எழுப்பினார். பூசாத செங்கற் சுவர். செங்கற்களுக்கு இடையே துளைகள் விட்டு அடுக்கிய சல்லடைச் சுவர். நிலத்தின் சரிவை வெட்டாமல் அதனோடு வளைந்து செல்லும் நடைகள். மரத்தை வெட்டாமல் அதற்கு வழிவிட்டுத் திரும்பும் சுவர். கணிப்பொறி நிலையத்துக்கோ இரட்டைச் சுவர்: வெளியே சல்லடைச் சுவர் வெயிலைத் தாங்க, உள்ளே மற்றொரு சுவர் அறையைக் காக்கிறது. 1985இல் முன்னாள் முதலமைச்சர் சி. அச்சுத மேனோன், கே. என். ராஜ், டி. ஆர். சந்திரதத் ஆகியோருடன் பேக்கர் சேர்ந்து உருவாக்கிய காஸ்ட்போர்டு என்ற நிறுவனம் அந்த முறைகளைக் கொத்தனார்களுக்குக் கற்பித்து வருகிறது.

சுவரும் கூரையும்

பேக்கர் பரப்பிய முறைகளில் நமக்கு உடனே பயன்படுபவை இரண்டு. முதலாவது எலிப்பொறிக் கட்டு. வழக்கமாகச் செங்கல்லைப் படுக்க வைத்து அடுக்குவோம். இதில் செங்கல்லை விளிம்பில் நிறுத்தி அடுக்குவர். மூன்று அங்குலக் கல் உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. நடுவே மூன்று அங்குலம் வெற்றிடம். இரண்டையும் கட்டிப் பிடிக்கக் குறுக்கே ஒரு கல். சுவரின் கனம் அதே ஒன்பது அங்குலம். செங்கல்லோ நூற்றுக்கு 25 அளவுக்குக் குறையும், சாந்தும் குறையும். நடுவில் அடைபட்ட காற்று வெப்பத்தை உள்ளே விடத் தயங்கும். ஒரு மாடி, இரு மாடி வீட்டுக்கு இந்தச் சுவர் போதிய வலிமை உடையது. மூலைகளிலும் கதவு சன்னல் ஓரங்களிலும் மட்டும் வெற்றிடம் விடாமல் கட்ட வேண்டும்.

இரண்டாவது ஓடு பதித்த தளம். கான்கிரீட் தளத்தின் மேற்பகுதி அமுக்கத்தைத் தாங்குகிறது; கீழ்ப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பியே. அங்கே உள்ள கான்கிரீட் கம்பியைப் பொதிந்து பிடிப்பதற்கு மேல் பெரும் பணி செய்வதில்லை. ஆகவே கம்பிகளுக்கு இடைப்பட்ட இடங்களில் மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்து மேலே கான்கிரீட் போடுவர். கான்கிரீட் குறைகிறது, எடை குறைகிறது, எடை குறைவதால் கம்பியும் குறைகிறது, ஓடுகளுக்கு நடுவே சிக்கிய காற்று வெயிலைத் தடுக்கிறது. 1865இல் பாசல் மிஷனார் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து மேற்குக் கரை எங்கும் பரவிய அந்த ஓடு, இப்பொழுது பழைய வீடுகளை இடிக்கும் இடங்களில் மலிவாகக் கிடைக்கிறது. தாத்தா வீட்டு ஓட்டைப் பேரன் வீட்டுத் தளத்துக்குள் வைக்கலாம். ஆனால் கம்பி இடைவெளியைப் பொறியாளர் ஒருவர் கணக்கிட்டுத் தர வேண்டும். இதில் கண்ணளவு உதவாது.

கூரையைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. தெளிந்த நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தளத்தின்மேல் ஏறத்தாழ 1000 வாட் வெயில் விழுகிறது. உங்கள் மாடி நூறு சதுர மீட்டர் என்றால், நூறு மின் இஸ்திரிப் பெட்டிகளை அதன்மேல் கவிழ்த்து வைத்ததற்குச் சமம். சுவரில் எவ்வளவு சிக்கனம் செய்தாலும் கூரையைக் கவனியாதவன் வீடு குளிராது.

புது வீடு கட்ட வசதி இல்லாதவர் என்ன செய்வது? இருக்கும் மாடியைத் தேய்த்துக் கழுவிச் சுண்ணாம்போ வெள்ளை மேற்பூச்சோ அடியுங்கள். கறுத்த தளம் விழுங்கும் வெயிலின் பெரும்பகுதியை வெண்டளம் திருப்பி அனுப்பிவிடும். நாம் செய்யக்கூடிய வேலைகளில் மிக மலிவானதும் மிக விரைவில் பலன் தருவதும் இதுவே. தகரக் கூரை போட்டுவிட்டவர் அதன் பக்கங்களை அடைத்து அறையாக்க வேண்டாம். காற்று ஊடுருவிச் செல்லும்வரைதான் அது குடை.

மண்ணை இகழ வேண்டாம். எங்கள் பக்கத்துச் செம்மண், அடித்தளக் குழியிலிருந்தே கிடைக்கிறது. மணலும் களியும் உரிய அளவில் உள்ள மண்ணோடு நூற்றுக்கு 5 பங்கு சிமென்ட் கலந்து, பொறியில் அழுத்தி, நிழலில் ஈரம் காத்துப் பதப்படுத்தினால், சூளையில் சுடாத கல் கிடைக்கிறது. ஆரோவில்லிலும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் தொடங்கிய அஸ்த்ரா ஆய்வு மையத்திலும் இதனை நெடுங்காலம் ஆய்ந்திருக்கிறார்கள். மண் எப்படிப்பட்டது என்று அறிய ஒரு கண்ணாடிப் புட்டி போதும். பாதி மண், பாதிக்கு மேல் நீர் விட்டுக் குலுக்கி ஒருநாள் வைத்தால் மணல் அடியிலும் வண்டல் நடுவிலும் களி மேலுமாகப் படியும். களி மிகுந்தால் மணல் சேர்க்கவும். நம் மழை நாட்டில் மண்சுவருக்கு விதி இரண்டே: அடி நனையக் கூடாது, தலை நனையக் கூடாது. கருங்கல் அடிமானத்தை ஒன்றரை அடியாவது உயர்த்துங்கள். இறவாரத்தை நன்றாக நீட்டுங்கள்.

வீட்டுக்கு உள்ளே

பழைய மின்விசிறி 75 வாட் அளவுக்கு எடுக்கிறது. புதிய வகை விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. நாள்தோறும் 12 மணி நேரம் ஓடினால் ஒரு விசிறிக்கு ஆண்டில் ஏறத்தாழ 197 யூனிட் மிச்சம். எல்லைக்கு இப்பக்கத்து நண்பர்கள் ஒன்று சொல்வர்: தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாயிற்றே, உங்களுக்கு என்ன கவலை என்று. இலவசமாக வந்தாலும் நிலக்கரி எரிந்துதான் வருகிறது. நூறு யூனிட்டுக்குள் வாழத் தெரிந்தவனுக்கே அந்தச் சலுகையின் முழுப் பயனும் கிட்டும்.

அடுப்பங்கரையில் இன்னொரு பாடம் உண்டு. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் இயக்கத்தார் புகை குறைந்த அடுப்பையும் "சூடாறாப் பெட்டி"யையும் வீடுதோறும் பரப்பினர். அரிசியைச் சிறிது நேரம் கொதிக்கவிட்டு, பானையோடு அந்தப் பெட்டியில் மூடி வைத்தால், உள்ளே அடைபட்ட சூட்டிலேயே சோறு வெந்துவிடும். நெடுநேரம் வேக வேண்டிய சிவப்பரிசி உண்ணும் எங்கள் பக்கத்துக்கு இதைவிட ஏற்ற கருவி எது? கூரைக்குச் சொன்ன அதே அறிவியல்தான் சோற்றுப் பானைக்கும்!

வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடுகளைக் கடைசியில் சொல்கிறேன். அவை கடைசியில்தான் வர வேண்டும். 2024இல் தொடங்கிய சூரிய வீடு திட்டத்தில் மத்திய அரசாங்கம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவித்தது. ஒரு கிலோவாட் தகடு நல்ல வெயில் நாளில் 4 யூனிட் அளவுக்குத் தரும். நல்ல திட்டமே. ஆனால் ஓட்டைப் பானையை அடைக்காமல் மேலும் மேலும் நீர் ஊற்றுவது போல, சூட்டு வீட்டைக் கட்டிவிட்டு அதைக் குளிர்விக்கத் தகடு வாங்குவது அறிவுடைமை ஆகாது. முதலில் நிழல், அடுத்துக் காற்று, அடுத்துக் கூரை, பிறகு தகடு.

மறுப்புகளும் விடைகளும்

பூசாத சுவர் வீடு, பணம் தீர்ந்துபோய் நிறுத்தியது போல் இருக்கிறது என்பர். இந்த மறுப்பை எள்ளி நகையாடக் கூடாது. தலைமுறை தலைமுறையாக ஓலைக் குடிசையில் ஒழுகலை எண்ணிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு, பூசி வண்ணம் அடித்த சுவர் ஒரு மானம். மண்ணும் ஓடும் அழகு என்று பங்களாவாசிகள் பாடம் சொன்னால் அவர்களுக்குக் கோபம் வருவது இயல்பு. அவர்களுக்கு என் விடை இதுதான்: பூச விரும்பினால் பூசிக்கொள்ளுங்கள். எலிப்பொறிக் கட்டுக்கும் பூசலாம். ஓடு பதித்த தளத்துக்கும் அடியில் பூசலாம். அழகு உங்கள் விருப்பம். சூடு குறைவது இயற்கையின் விதி. இரண்டும் பகையல்ல.

கொத்தனார் மறுக்கிறார் என்பது மற்றொன்று. இது உண்மையான இடர்ப்பாடு. பழகாத கை எலிப்பொறிக் கட்டைக் கோணலாக்கும்; பழகும்வரை வேலை மெதுவாக நடக்கும்; கூலி உயர்ந்த நம் பக்கத்தில் செங்கல்லில் மிச்சமானது கூலியில் போய்விடலாம். மின்கம்பிக் குழாயும் நீர்க்குழாயும் எங்கே செல்லும் என்பதை முன்கூட்டியே வரைந்து கொடுக்காவிட்டால், கட்டிய சுவரைப் பிறகு வெட்டிக் கெடுப்பர். சல்லடைச் சுவருக்கு வலை அடிக்காவிட்டால் காற்றோடு கொசுவும் வரும். இவற்றை மறைத்துவிட்டுப் புகழ் பாடுகிறவர் இம்முறைக்கு நண்பர் அல்லர்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருப்பவரும் உண்டு. மத்திய மின்சக்திச் சிக்கன அலுவலகம் 2018இல் வீடுகளுக்கென ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. கூரை வழியே எவ்வளவு வெப்பம் நுழையலாம், சுவரும் சன்னலும் எவ்வளவு விடலாம் என்று அதில் வரையறை செய்தார்கள். ஆனால் அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்காக எழுந்தது. அதாவது 12 சென்டுக்கு மேல். நம்மில் பெரும்பாலோர் வீடு கட்டுவது ஐந்து சென்டில். ஆகவே நமக்கு நாமே விதி எழுதிக்கொள்ள வேண்டும்.

மாணவர் செய்ய வேண்டியது

எழுதுவதோடு நம் கடமை தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். வரும் கோடை விடுமுறைக்கு நம் மன்றத்தின் முன் ஒரு திட்டத்தை வைக்கிறேன். ஊருக்குப் போகும் ஒவ்வொருவரும் ஒரு வெப்பமானியை எடுத்துச் செல்வோம். நம் வீட்டில் ஓர் அறையிலும், முற்றத்து நிழலிலும், பழைய ஓட்டு வீடு ஒன்று அருகில் இருந்தால் அதிலும், பிற்பகல் மூன்று மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் ஒரு வாரம் அளந்து எழுதுவோம். பொறியியல் மாணவர் கூரையின் வகையையும் கனத்தையும் குறிக்கட்டும். பொருளியல் மாணவர் மின்கட்டணத்தைக் குறிக்கட்டும். தமிழ் மாணவர் கொத்தனாரும் தச்சரும் வழங்கும் சொற்களைத் தொகுக்கட்டும். இறவாரம், உத்தரம், கழிக்கோல், அழி என்ற சொற்கள் அந்தக் கூரைகளோடு சேர்ந்தே இறந்துகொண்டிருக்கின்றன. அடுத்த மலரில் அந்த அளவுகளை ஒரு பட்டியலாக வெளியிடுவோம். கருத்துச் சொல்லி ஊரை மாற்ற முடியாது. கணக்குக் காட்டி ஒரு தந்தையையாவது மாற்றலாம்.

அதனோடு இன்னொன்றும் வேண்டும். எலிப்பொறிக் கட்டு அறிந்த கொத்தனார் ஒருவரை நம் மன்ற மேடைக்கு அழைப்போம். அறிஞர்களுக்கு மாலையிட்டு மேடையில் அமர்த்திப் பழகிய நாம், சாந்துக் கரண்டி பிடித்த கைக்கும் ஒரு நாள் அந்த நாற்காலியைக் கொடுப்போம். அவர் பத்துச் செங்கல்லை மேசைமேல் அடுக்கிக் காட்டினால், நான் இங்கே எழுதிய பக்கங்கள் முழுவதையும்விட அது தெளிவாக விளங்கும்.

வங்கிக் கடன் கையெழுத்தாகும் முன், வரைபடம் மேசைமேல் விரியும் முன், நம் வீடுகளில் ஒரு மாலை நேரம் கிடைக்கும். அப்பாவும் மேஸ்திரியும் பேசிக்கொண்டிருப்பார்கள். படித்த பிள்ளை என்பதால் நம்மையும் ஒரு சொல் கேட்பார்கள். அந்த நேரத்தில் "உங்கள் விருப்பம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகாதிருப்போமாக.